கச்சான், வேர்க்கடலை, கடலை

1

எங்கள் வதிவிட அனுமதியை இவ்வாண்டுக்கும் புதுப்பித்தாயிற்று. யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்தபின் ஆண்டுதோறும் தவறாமல் வரும் நாள் இது. கணவர், மகள், நான் மூவரும் வரிசையில் நின்று முறை வந்ததும் கோப்புகளை நீட்டினோம். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருந்ததைப் பார்த்த அலுவலர், "தமிழா? அப்ப உங்களுக்கு இங்க என்னங்க கஷ்டம்?" என்று சிரித்தபடி கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். அக்கேள்விக்கு முறையாக விடை சொல்லத் தொடங்கியிருந்தால், எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அன்று வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். ஊரிலுள்ள உங்களுக்கு நேரமிருக்கும் என்ற துணிவில் அவ்விடையை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. அவளுக்குக் கச்சான், பொதுச்சொல்லில் நிலக்கடலை, ஆகாது. பிடிக்காது என்றோ வயிற்றைக் குழப்பும் என்றோ பொருள் கொள்ளாதீர்கள். ஒரு பருப்பின் பாதி உள்ளே போனாலும் உதடு தடிக்கும், தொண்டை இறுகும், மூச்சு சீழ்க்கையாக வரும். அவள் மழலையாய் இருந்தபோது ஊரில், கோயில் வீதியில் வாங்கிய கச்சான் அல்வாவின் ஒரு துணுக்கு வாயிலே படப்போய் அதை அறிந்தோம். அதன்பின் எங்கள் ஒழுங்கையில் இருந்த கடைக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி பரவிவிட்டது. "அது உங்கட பிள்ளைக்குக் கூடாதெல்லே," என்று சொல்லி, நான் கைநீட்டிய பொட்டலத்தைத் தாங்களே எடுத்து மறைத்துவைப்பார்கள். எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். "ஒரு கச்சான் கொட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுத்துப் பழக்கினால் சரி," என்று உறவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தே சொன்னார். அன்று முதல் அவர் வீட்டு விசேடங்களுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதை நிறுத்தினேன்.

கணவர் கொழும்பில் வேலை பார்த்த நிறுவனம், திருமழிசைத் தொழிற்பேட்டையில் உள்ள தன் ஆலைக்கு அவரை மாற்றியபோது, என் முதற் கவலை வீட்டு வாடகையைப் பற்றியதன்று, சமையலறையைப் பற்றியது. அம்பத்தூரை அடுத்த ஓர் அடுக்ககத்தில் குடியேறினோம். இங்கே பொருள் வாங்கும் கலையை முதலெழுத்திலிருந்து பயின்றேன். பொட்டலத்தின் முன்புறத்துப் படங்கள் எனக்கு வேண்டாதவை. பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்டிருக்கும் வரிகளுக்காகவே கைப்பையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கிறேன். சத்துமாவு என்பார்கள், தானியங்களோடு வறுத்த கச்சானும் அரைபட்டிருக்கும். இட்லிப்பொடி என்பார்கள், ஐந்தாவது சொல்லாக அது நிற்கும். மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயே உடலுக்கு நல்லது என்று எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். நானும் ஒரு கடைக்குச் சென்று நின்று பார்த்தேன். காலையில் எள்ளை ஆட்டிய அதே செக்கில் நண்பகலில் கச்சானைக் கொட்டினார்கள். ஆலையில் அடைத்த நல்லெண்ணெய்க்கே திரும்பிவந்தேன். மிளகாய்த்தூளைப் பொது ஆலையில் அரைக்கக் கொடுப்பதில்லை. எனக்கு முன்னால் யார் எதை அரைத்தாரோ! வீட்டிலேயே வறுத்து, சிறு அரைவைப்பொறியில் பலமுறை போட்டு எடுக்கிறேன்.

ஆகவே வாரத்தில் எனக்கு அமைதி தரும் கடைப்பயணம் ஒன்றே: ஞாயிறு காலையில் வானகரம் மீன் சந்தை. மீனுக்குப் பின்புறத்து அச்சு இல்லை. கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிவிடலாம். கத்தரிக்காயும் அவ்வாறே. நன்றாக உண்பது பற்றி இக்காலத்தில் பலரும் பலவாறு எழுதுகிறார்கள். உண்டு முடித்த பின்னும் எல்லோரும் தடையின்றி மூச்சுவிடுவது என்பதே எங்கள் வீட்டு இலக்கணம்.

2

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

வந்த புதிதில், தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பொட்டலத்தைக் காட்டி, "இதிலை கச்சான் சேர்ந்திருக்கோ?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "அது இன்னா மீனும்மா?" என்றார். வெட்கப்பட்டுப்போய், பள்ளியில் படித்த பொதுச்சொல்லே பாதுகாப்பு என்று கருதி, மறுமுறை நிலக்கடலை என்றேன். "பாடபொஸ்தகம் மாதிரியே பேசுறியேம்மா," என்று சிரித்து, "வேர்க்கடலையா? அது இதுல கெடையாது," என்றார். இவ்வாறாக ஒரு சொல் கற்றேன். அதே கடைக்காரர்தான், ஆரணி என்ற ஊரின் பெயரைத் தாங்கிய அரிசி மூட்டைகளைக் காட்டி, "இன்னா பாப்பா, ஒம் பேர்ல லோடு வந்து எறங்கிகீது, கையெழுத்து போட்டு எடுத்துகினு போ," என்று எங்கள் மகளைச் சீண்டுபவர். பள்ளியிலும் அவளுக்குப் பொன்னி என்றே பட்டப்பெயர். இப்பெயரை வைத்த நாளில் இந்த நாட்டு அரிசி வகைகளை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

ஆயினும் வேர்க்கடலையோடு பாடம் முடியவில்லை. நம் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அவித்து, தாளித்து, மாங்காய்த் துண்டு கலந்து தின்பது. இங்கே அச்சொல் தனித்து நிற்கும்போது எது என்று எவராலும் துணிய முடியாது. பின்னால் வரும் சொல்லே முன்னால் நிற்கும் சொல்லின் பொருளைத் தீர்மானிக்கிறது. கடலை மாவு, கடலைப் பருப்பு என்றால் தீங்கற்ற கடலை. கடலை எண்ணெய், கடலை மிட்டாய் என்றால் கச்சான். கடலைச் சட்னி என்றால் இரண்டில் எதுவும் ஆகலாம். சமைத்தவரின் கைப்பழக்கத்தையும் அன்றைய சந்தை நிலவரத்தையும் பொறுத்தது. நிலைமொழி வருமொழி என்று புணர்ச்சி இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் படித்தவள் நான். வருமொழியைத் தவறவிட்டால் பிள்ளையின் மூச்சு நின்றுபோகக்கூடும் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆரணிக்கு இந்த அல்லல் இல்லை. அவள் இந்த ஊர்ப் பேச்சை மழைநீரைப்போல் உறிஞ்சிக்கொண்டாள்.

"அம்மா, நீ எதுக்கு நீட்டி நீட்டிக் கேக்குற? எல்லாரும் கடலைன்னுதான் சொல்றாங்க. அப்படியே கேளு, புரியும்."

"வேர்க்கடலை எண்டு முழுசாச் சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்?"

"கடையே உன்னைத் திரும்பிப் பாக்குதும்மா!"

என்னைத் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு வலிக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஊராரைப்போல் பேசிப் பார்ப்போம் என்று எண்ணினேன்.

3

வெளியில் உண்பதில்லை என்பது எங்கள் விதி. அதைத் தளர்த்தியது ஒரு வண்டிக்கடை.

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு அருகே, மாலையில் கணவனும் மனைவியுமாக அக்கடையை நடத்துகிறார்கள். அவர் போண்டா பொரிப்பார். அந்தப் பெண் பரிமாறுவார். ஆரணி பள்ளியிலிருந்து திரும்பும் வழி அது. நாள்தோறும் அந்த மணத்தைக் கடந்தே வருகிறோம். பல மாலைகள் சற்றுத் தள்ளி நின்று அக்கடையை ஆராய்ந்தேன். சட்டியில் ஊற்றுவது சூரியகாந்தி எண்ணெய். பையைக் கத்தரித்து ஊற்றுவதைக் கண்ணால் கண்டேன். உள்ளே உருளைக்கிழங்கு. மேலே கடலை மாவு. அது தீங்கற்ற கடலை. தொட்டுக்கொள்ள வெள்ளைச் சட்னி. தேங்காய் என்றே தோன்றியது. எனினும் கேளாமல் கொடுப்பதாயில்லை.

தேர்வு முடிந்த நாள். ஆரணி என் கையைப் பிடித்து இழுத்தாள். கடையைச் சுற்றி இளைஞர் சிலர் நின்றனர். நான் சட்னிப் பாத்திரத்தைச் சுட்டிக்காட்டி, மகள் சொல்லித்தந்தபடியே சுருக்கமாகக் கேட்டேன்:

"இதுக்கு நீங்க கடலை போடுவீங்களா, அண்ணா?"

எண்ணெய் பொரியும் ஓசையில் என் வாக்கியத்தின் முற்பகுதி அமிழ்ந்துபோயிற்று. பிற்பகுதிமட்டும் அவர் காதில் விழுந்தது. கரண்டியைத் தூக்கியபடி என்னை ஏறிட்டுப் பார்த்தார். இளைஞர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, ஊட்டுக்காரிய பக்கத்துல வெச்சிகினு இப்டி கேட்டுட்ட! கல்யாணத்துக்கு முன்ன போட்டேன், இல்லங்கல. இப்பல்லாம் கடலையே போட்றதில்லக்கா. சத்தியமா!"

"ஆங், போட்டுட்டாலும்!" என்றார் மனைவி. "இந்த மூஞ்சியாண்ட எவ நின்னு பேசப்போறா?"

"அண்ணாத்தே, அப்ப அந்தப் பூக்காரம்மா?" என்றான் ஒருவன்.

"டேய் மாமே, வாய மூடு. இன்னிக்கி ராத்திரி எனக்குச் சோறு வேணும்டா."

ஆரணியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா," என்றாள். எனக்கு எட்டியது இவ்வளவுதான்: கடலையே போடுவதில்லை, சத்தியமாக. மறுப்பு, அதற்கு உறுதி சேர்க்கும் ஏகாரம், அதன்மேல் ஓர் ஆணை. இதற்குமேல் ஒரு தாய்க்கு என்ன சான்று வேண்டும்? தட்டை வாங்கி அவள் கையில் கொடுத்தேன்.

போண்டாவைச் சட்னியில் அமிழ்த்தி அமிழ்த்தித் தின்றாள். தட்டு பாதி காலியானதும் நிறுத்தினாள்.

"அம்மா, நாக்கு அரிக்குது."

அவள் மேலுதடு என் கண்முன்னே தடித்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும் மருந்துக் குப்பியைத் திறந்து வாயில் ஊற்றினேன். விழுங்க முடியாமல் பாதியை உமிழ்ந்தாள்.

"சட்னிக்குள்ளை என்ன போட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"இன்னாக்கா ஆச்சு? தேங்கா, பச்சமொளகா, கொஞ்சம் வேர்க்கடலை..." அவர் குரல் தேய்ந்தது. "தேங்கா விக்கிற வெலைக்கு எல்லாரும் கலக்குறதுதாங்கா. பாப்பாக்கு ஆவாதா? நீ கேக்கவே இல்லியேக்கா!"

"கேட்டனே! கேட்டனே!"

அடுப்பை அணைக்காமலே அவர் சாலையின் நடுவுக்கு ஓடி, ஓர் ஆட்டோவின் முன்னால் கையை விரித்து நின்றார். "யோவ், நிறுத்துயா! கொயந்திக்கு மூச்சு முட்டுது!" அவர் மனைவி என்னைக் கேளாமலே பிள்ளையைத் தூக்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழிநெடுக, "பாப்பா, என்னப் பாரு, என் கண்ணையே பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அவளுடைய காலைப் பற்றியிருந்தேன். அது குளிர்ந்திருந்தது.

4

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் ஓடிவந்தார். "குழந்தை என்ன சாப்பிட்டுச்சு?"

"கச்சான்," என்றேன்.

"என்னது?"

"கச்சான்! கச்சான்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அத்தனை ஆண்டுகளில் கற்ற சொற்கள் அனைத்தும் என்னைக் கைவிட்டிருந்தன. எவ்வளவு முயன்றும் வாயில் வேறொன்றும் வரவில்லை.

"வேர்க்கடலைங்க டாக்டர்," என்றார் என் பின்னால் நின்ற அந்தப் பெண். "எங்க கட சட்னிதான். எங்க சட்னிய சாப்ட்டுதான்."

உடனே ஊசி போட்டார்கள். மூக்கில் உயிர்வளிக் குழாயைப் பொருத்தினார்கள். மெல்ல மெல்ல அந்தச் சீழ்க்கை அடங்கியது. இரவு முழுவதும் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

பதிவு செய்யும் இடத்தில் ஆதார் எண்ணைக் கேட்டார்கள். கடவுச்சீட்டின் படியைக் கைப்பேசியில் காட்டினேன். அதைப் பார்த்த பெண், "ஃபாரினரா? நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்று வியந்தார். அதை ஒரு பாராட்டாகவே சொன்னார், அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

ஆலைப் பேருந்தைத் தவறவிட்டு, யாரோ ஒருவரின் வண்டியில் ஏறிக் கணவர் வந்துசேர்ந்தார். பிள்ளையைப் பார்த்தபின் என் பக்கம் திரும்பினார்.

"நீர் கேக்காமலே குடுத்தனீர்?"

"கேட்டனான். போடுறேல்லை எண்டு சத்தியம் பண்ணினவர்."

"சத்தியம் பண்ணினவரோ? ஒரு சட்னிக்கு ஆரப்பா சத்தியம் பண்ணுவினம்?"

கட்டிலிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "அப்பா, கடலை போடறதுன்னா பொண்ணுங்ககிட்ட சும்மா பேசிகினே இருக்கறது. அம்மாக்குத் தெரியாது. அம்மா அந்த அங்கிள்கிட்ட, நீங்க கடலை போடுவீங்களான்னு கேட்டாங்க."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நிற்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. திரும்பியபோது அவர் முகம் நனைந்திருந்தது. வண்டிக்கடைப் பெண் அப்போதும் வாயிலருகே நின்றிருந்தார். மாவு காய்ந்திருந்த கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "நான் வரேங்கா," என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லவேண்டும் என்ற நினைவு அவர் போனபின்பே எனக்கு வந்தது.

5

வீடு திரும்பியபின் விதிகளை இறுக்கினேன். வழியை மாற்றினேன்; நிலையத்தைச் சுற்றாமல் வேறு தெருவால் அழைத்துவந்தேன். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் உணவுப் பெட்டியில் அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் எச்சரிக்கை எழுதி ஒட்டினேன். அடுக்ககத்தில் யார் எதைக் கொடுத்தாலும் கதவிலேயே வாங்கிக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன். நான் செய்தவை எல்லாம் அவளுக்காகவே என்று எண்ணியிருந்தேன். அவள் என்ன எண்ணினாள் என்று கேட்டேனில்லை. கொஞ்சம் அமைதியாகிவிட்டாள், நோயின் களைப்பு என்று இருந்துவிட்டேன்.

அந்நிலையில்தான் நெமிலிச்சேரியிலிருந்து அழைப்பு வந்தது. வகுப்புத் தோழியின் பிறந்தநாள். நான் மறுத்துவிட்டேன்.

"எவ்வளவு காலத்துக்கப்பா பூட்டி வைக்கப்போறீர்?" என்றார் கணவர். "நாளைக்கு அவள் கல்லூரிக்குப் போனால் நீரும் உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னாலை போவீரோ?"

போவேன் என்றே என் உள்ளம் சொன்னது. ஆனாலும் தோழியின் தாயைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர்கள் வேலைநிமித்தம் திருநெல்வேலியிலிருந்து இங்கு வந்தவர்கள். இம்முறை ஒரு சொல்லையும் விட்டுவைக்கவில்லை. கச்சான், நிலக்கடலை, வேர்க்கடலை, வடமாவட்டத்தார் சொல்லும் மல்லாட்டை, எண்ணெய், மிட்டாய், சட்னி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, வெளங்கிட்டு. எங்க வீட்ல அந்தப் பருப்பே நொழையாது. சட்னியில இருந்து கேக் வரைக்கும் எல்லாம் நானே செய்யுதேன். பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுதேன், நீங்க பயப்படாம அனுப்புங்க."

கணவர் ரயிலில் அழைத்துச் சென்றார். விழா முடியும்வரை நிலைய நடைமேடையிலேயே காத்திருப்பதாக எனக்கு வாக்களித்திருந்தார். நான் வீட்டில் ஏற்கெனவே துடைத்த மேடையை மீண்டும் துடைத்தேன். கைப்பேசி ஒலித்தபோதெல்லாம் துணியைப் போட்டுவிட்டு ஓடி எடுத்தேன். ஒன்று வங்கி விளம்பரம். மற்றொன்று எரிவாயு உருளை வருகிற செய்தி.

பொழுது சாயும் வேளையில் வந்துசேர்ந்தார்கள். ஆரணி கையில் பலூனும், பென்சில் பெட்டி ஒன்றும். உதட்டைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், மூச்சுக்குக் காதுகொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பாட்டு, விளையாட்டு, யார் யாரோடு சண்டை பிடித்தது என்று ஓயாமல் பேசினாள். என் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது.

"என்ன சாப்பிட்டாய், குஞ்சு?"

பலூனின் நூலை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

"தண்ணி குடிச்சேன்."

கணவரைப் பார்த்தேன். "அந்தப் பிள்ளையின்ரை அம்மா எவ்வளவோ கேட்டுப் பாத்தவவாம்," என்றார் தணிந்த குரலில். "தட்டை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவளாம். ஒண்டையும் தொடேல்லையாம்."

"ஏனம்மா? அவ எல்லாம் பாத்துச் செய்தவதானே?"

"ஆமா. அவங்க இல்லன்னுதான் சொன்னாங்க." விரலிலிருந்து நூலை அவிழ்த்தாள். "அந்த அங்கிளும் இல்லன்னுதானே சொன்னாரு."

நான் சமையலறைக்குப் போனேன். இடியப்பம் பிழிந்தேன், சொதி வைத்தேன். ஆவி பறக்கத் தட்டில் இட்டு அவள் முன் வைத்தேன். காலையிலிருந்து சரியாக உண்ணாத பிள்ளை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தாள். தட்டையே பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா, இதுல இன்னா இன்னா போட்ட?"

அவளை அந்நோய் முதன்முதல் பற்றிய நாளிலிருந்து எங்கள் சமையலறைக்குள் ஒரு கச்சான் நுழைந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். நான் எதிரே அமர்ந்து, தேர்வில் ஒப்பிப்பவளைப்போல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இடியப்பத்துக்கு அரிசிமா, உப்பு, சுடுதண்ணி. சொதிக்குத் தேங்காய்ப்பால், வெண்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, கடைசியாத் தேசிக்காய்ப் புளி."

"தேசிக்காய்ன்னா எலுமிச்சம்பழம்தானே?"

நாள்தோறும் இந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த சொல் அது.

"ஓம்," என்றேன். அவள் விரல்கள் இன்னும் தட்டின் விளிம்பிலேயே இருந்தன. அதனால், "ஆமா," என்று இன்னொருமுறையும் சொன்னேன். அதன்பிறகே அவள் முதல் இழையைப் பிய்த்தெடுத்தாள்.